உயிலா, செட்டில்மெண்டா? வருமான வரியை வைத்து முடிவெடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 69, மனைவிக்கு 64. ஓய்வூதியம் ஆண்டுக்கு 6,60,000 ரூபாய். குடியிருக்கும் வீடு என் பெயரில். 1993ல் 96,000 ரூபாய்க்கு வாங்கிய 2,400 சதுர அடி காலிமனை ஒன்று, 2014 ஜூலையில் பதிவுச் செலவு உட்பட 40 லட்சத்துக்கு வாங்கிய சென்னை ஃபிளாட் ஒன்று (பூட்டித்தான் கிடக்கிறது), அப்பா வழியில் வந்த இரண்டு ஏக்கர் நஞ்சை, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 15 லட்சத்தை என் பெயரிலும் 15 லட்சத்தை, வரி மிச்சமாகும் என்று, மனைவி பெயரிலும் வைப்பு நிதியாகப் போட்டிருக்கிறேன். ஆளுக்கு 1,12,500 ரூபாய் வட்டி வருகிறது. மகன் அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் இருக்கிறார். மகள் கோவையில். வாரிசு வரி மறுபடி வரப்போகிறது, அதற்குள் எல்லாவற்றையும் பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் செய்துவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? 2025 ஜூனில் வீட்டுத் தளம் ஒழுகியபோது அக்கா மகன் 3 லட்சம் ரூபாய் அனுப்பினான், திருப்பித் தர வேண்டாம் என்கிறான். அதற்கும் வரி உண்டா?

பதில்:

அன்புள்ள ஐயா,

பத்திரம் எழுதும் வேலையை முதலில் நிறுத்தி வையுங்கள். எஸ்டேட் டியூட்டி என்ற வாரிசு வரி 16.3.1985 முதல் இந்தியாவில் கிடையாது. நன்கொடை வரிச் சட்டம் 1.10.1998 முதல் செயலில் இல்லை. வெல்த் டாக்ஸ் என்று தனியாக இருந்த செல்வ வரியும் 2015 பட்ஜெட்டோடு போய்விட்டது. இன்றைய நிலையில் நீங்கள் பிள்ளைக்கு உயில் வழியாகக் கொடுத்தாலும் செட்டில்மெண்ட் வழியாகக் கொடுத்தாலும், கொடுக்கும் உங்களுக்கும் வாங்கும் பிள்ளைக்கும் அன்றைக்கு வருமான வரி பூஜ்யம். என்றோ வரலாம் என்று பேசப்படும் ஒரு வரிக்குப் பயந்து, இருக்கிற வீட்டை இன்றைக்கே எழுதிக்கொடுப்பது சரியான கணக்கு இல்லை.

அப்படியானால் வரி எங்கே வருகிறது? சொத்தை விற்கும்போது. யார் விற்கிறார், எந்த ஆண்டில் விற்கிறார், எந்த விலைக்கு வாங்கியதாக நிரூபிக்க முடிகிறது என்ற மூன்றும்தான் தொகையைத் தீர்மானிக்கின்றன. உங்கள் சொத்துகளை இந்தக் கண்ணால் பார்த்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டின் விகிதங்களில், புதிய வரி முறையில் போட்டவை. 1.4.2026 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் வேறு. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே சொல்கிறேன்.

மனைவி பெயரில் உள்ள வைப்பு நிதியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தவறு ஏற்கெனவே நடந்திருப்பது அங்கேதான். கணவன் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டி, 64ஆம் பிரிவின்படி கணவனின் வருமானத்தில்தான் சேரும். வங்கியில் யார் பெயர் இருக்கிறது, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று யார் 15எச் படிவம் கொடுத்தார்கள் என்பது இதை மாற்றாது. மருமகளுக்குக் கொடுத்தாலும் இதே கதி. மகன், மகள் வயதுக்கு வந்தவர்கள் என்றால் இந்தச் சேர்ப்பு இல்லை. மருமகனுக்கும் இல்லை. மைனர் பேரனுக்குக் கொடுத்தால் வட்டி உங்களிடம் வராது, அவனுடைய அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஆண்டு நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த வரியே உங்களுக்கு இல்லை. ஓய்வூதியம் 6,60,000, நிலையான கழிவு 75,000 போக 5,85,000. உங்கள் வட்டி 1,12,500, மனைவியின் வட்டி 1,12,500. மொத்தம் 8,10,000 ரூபாய். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆகவே மனைவியின் வட்டியை உங்கள் ரிட்டர்னில் தைரியமாகச் சேர்த்துக் காட்டுங்கள். அந்த வட்டியை அவர் எடுக்காமல் மறுபடி முதலீடு செய்திருந்தால், வட்டிக்கு வரும் வட்டி அவருடையது, அது உங்களிடம் சேராது. இதற்காகவே அசலை ஒரு கணக்கிலும் வட்டியை வேறொரு கணக்கிலும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் கலந்துவிட்டால் பத்து வருடம் கழித்து யாராலும் பிரிக்க முடியாது.

பழைய ஆண்டுகள்தான் கவலை. 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் புதிய முறையின் தள்ளுபடி வரம்பு 7 லட்சமாகத்தான் இருந்தது. அந்த ஆண்டுகளில் மனைவியின் வட்டியையும் சேர்த்தால் வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால், மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 4 ஆண்டுகள் வரை புதுப்பித்த ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். கட்ட வேண்டிய வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் கூடுதலாக, முதல் ஆண்டுக்குள் என்றால் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று ஏறும். நோட்டீஸ் வருவதற்குக் காத்திருப்பதைவிட இது மலிவு.

அக்கா மகன் அனுப்பிய 3 லட்சம் பெரும்பாலோர் சறுக்கும் இடம். நீங்கள் அவனுக்குத் தாய்மாமன். நீங்கள் அவனுக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் அவனுக்கு வரி கிடையாது, ஏனென்றால் பெறுபவரின் தாய் அல்லது தந்தையுடன் பிறந்தவர் சட்டப்படி ‘உறவினர்’. ஆனால் அவன் உங்களுக்குக் கொடுக்கும்போது பெறுபவர் நீங்கள். உடன்பிறந்தவரின் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. அன்னியர் கொடுத்ததாகவே கணக்கு. ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும், அதாவது 50,000க்கு மேற்பட்டது மட்டுமல்ல, 3 லட்சமும் உங்கள் இதர வருமானம். சித்தப்பா மகன், அத்தை மகள் போன்றவர்களும் பட்டியலுக்கு வெளியேதான். ரத்த பாசத்துக்கும் வரிச் சட்டத்துக்கும் உறவுமுறை வேறு.

பயப்பட வேண்டாம். 8,10,000 உடன் 3,00,000 சேர்ந்தால் 11,10,000 ரூபாய். அதுவும் 12 லட்சத்துக்குள்தான். காட்டினாலும் வரி இல்லை. இதைக் கடன் என்று பின்தேதியிட்டுப் பத்திரம் எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள், அந்த வேலை வேண்டாம். உண்மையிலேயே கடனாக வாங்கும் நாளில், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வாங்குவதும் திருப்பித் தருவதும் வங்கி வழியாகவே நடக்கட்டும். ரொக்கமாக நடந்தால் தொகைக்குச் சமமான அபராதம்.

இனி காலிமனை. 1.4.2001க்கு முன் வாங்கிய சொத்துக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். மனை, கட்டடம் என்றால் அந்த மதிப்பு, பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அன்றைக்கு உங்கள் தெருவுக்குச் சதுர அடி 150 ரூபாய் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2,400 சதுர அடிக்கு 3,60,000. இன்றைக்கு 42 லட்சத்துக்கு விற்கிறீர்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய மனைக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு வழிக் கணக்கு உண்டு, எது குறைவோ அது போதும்.

முதல் வழி, பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி ஏற்றத்துக்கேற்ப வாங்கிய விலையை உயர்த்துவது) இல்லாமல் 12.5 சதவீதம். 42,00,000 கழித்தல் 3,60,000 என்றால் ஆதாயம் 38,40,000. வரி 4,80,000, அந்த வரியின் மேல் செஸ் 4 சதவீதம் சேர்த்து 4,99,200.

இரண்டாம் வழி, பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம். 2001-02க்குக் குறியீடு 100, 2025-26க்கு 376. 3,60,000ஐ 376ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் அடக்கவிலை (வாங்கிய விலையாகக் கழிக்கும் தொகை) 13,53,600 ஆகிறது. ஆதாயம் 28,46,400. வரி 5,69,280, செஸ்ஸோடு சுமார் 5,92,050. உங்களுக்கு முதல் வழியே லாபம்.

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 2001 மதிப்பைப்போல் 8.36 மடங்குக்கு மேல் விற்றால் 12.5 சதவீத வழி மலிவு, அதற்குக் கீழே என்றால் 20 சதவீத வழி மலிவு. உங்கள் மனை 11 மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இந்த 8.36 என்ற எண் 2025-26ல் நடக்கும் விற்பனைக்கு மட்டும், குறியீடு மாறும்போது இதுவும் நகரும்.

2001 மதிப்புக்கு ஆதாரம் இல்லாமல் 1993 விலையான 96,000ஐயே காட்டினால் வரி 5,33,520. ஒரு காகிதம் கையில் இல்லாததால் 34,320 ரூபாய் அதிகம். அதனால் இப்போதே சார் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, அந்தத் தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் 2001ல் நடப்பில் இருந்த வழிகாட்டி மதிப்பை எழுத்தில் வாங்குங்கள். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கையும் வாங்கி, மூலப்பத்திரத்தோடு வையுங்கள். நீங்கள் விற்காமல் போய்ச் சேர்ந்தாலும் இந்தக் கோப்பு பிள்ளைகளுக்கு வேண்டும். உயிலில் வந்தாலும் செட்டில்மெண்டில் வந்தாலும், அவர்கள் விற்கும்போது அடக்கவிலை நீங்கள் வாங்கிய விலையோ அந்த 2001 மதிப்போதான், வைத்திருந்த காலத்திலும் உங்கள் காலம் சேரும். சொத்து கைக்கு வந்த நாளின் சந்தை விலையை அடக்கமாகக் காட்டிவிட்டு நோட்டீஸ் வாங்கும் வாரிசுகள் ஏராளம்.

மனை விற்ற ஆண்டில் இன்னொன்றும் நடக்கும். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டுவதால் ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும் கிடைத்துவந்த தள்ளுபடி போய்விடும். 8,10,000க்கு 21,000 வரி, செஸ்ஸோடு 21,840. ஆக மனையின் உண்மையான வரிச்சுமை 5,21,040.

இதைத் தவிர்க்க 54இசி பத்திரங்கள் இருக்கின்றன. விற்ற 6 மாதத்துக்குள் ஆதாயத் தொகையை, 50 லட்சம் வரை, குறிப்பிட்ட அரசு நிறுவனங்களின் பத்திரங்களில் போட்டால் அந்த ஆதாயத்துக்கு வரி இல்லை. 5 ஆண்டு எடுக்க முடியாது. வட்டி 5.25 சதவீதம்தான், அதற்கும் வரி உண்டு என்று பலர் முகம் சுளிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38,40,000ஐப் பத்திரத்தில் போட்டால் ஆண்டு வட்டி 2,01,600. வரியைக் கட்டிவிட்டு மீதி 33,40,800ஐ 7 சதவீத வைப்பு நிதியில் போட்டால் 2,33,856. ஆண்டுக்கு 32,256 ரூபாய் குறைவு, 5 ஆண்டுக்கு 1,61,280. அதற்காக 5 லட்சத்துக்கு மேல் வரி மிச்சமாகிறது. பத்திர வட்டி சேர்ந்தாலும் உங்கள் வருமானம் 12 லட்சத்துக்குள்தான் நிற்கும். உங்கள் வயதில், அந்தப் பணம் 5 ஆண்டுக்குத் தேவைப்படாது என்ற உறுதி இருந்தால், இதையே செய்யச் சொல்வேன். மருத்துவச் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் வேண்டாம்.

‘மனையை விற்று வீடு வாங்கினால் வரி இல்லையே’ என்று அடுத்துக் கேட்பீர்கள். 54எஃப் பிரிவு அது. விற்கும் நாளில் உங்களிடம் ஒரு வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்களிடம் குடியிருக்கும் வீடும் ஃபிளாட்டும் சேர்த்து இரண்டு. தகுதி இல்லை. ஃபிளாட்டை முதலில் விற்றுவிட்டு, பிறகு மனையை விற்றால் தகுதி வந்துவிடும். அப்போதும் புதிய வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மகள் பெயரில் வாங்கிவிட்டுச் சலுகை கேட்டால் தகராறுதான்.

விலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். வழிகாட்டி மதிப்பு பத்திர விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்புக்கே உங்களிடம் வரி. ரொக்க முன்பணம் 20,000 தொட்டாலே தொகைக்குச் சமமான அபராதம் காத்திருக்கிறது.

ஃபிளாட் விஷயம்தான் உங்கள் கடிதத்தில் பெரிய பணம். இதில் யார் விற்கிறார்கள் என்பதே எல்லாம். இன்றைய விலை 65 லட்சம் என்று கொள்வோம். நீங்கள் விற்றால் இரண்டாம் வழி உங்களுக்கு அள்ளிக்கொடுக்கிறது. 2014-15க்குக் குறியீடு 240. 40 லட்சத்தை 376ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் 62,66,667. ஆதாயம் வெறும் 2,33,333. வரி 46,667, செஸ்ஸோடு சுமார் 48,530. மொத்த வருமானத்தில் சேர்வது குறியீடு இல்லாத 25 லட்சம் ஆதாயம் என்பதால் தள்ளுபடி போய், அந்த ஆண்டும் 21,840 சேரும், அவ்வளவுதான். வாங்குபவர் 1 சதவீதம், 65,000 ரூபாய், டி.டி.எஸ். பிடித்து 26க்யூபி படிவத்தில் கட்டுவார், அதை நீங்கள் கழித்துக்கொள்ளலாம்.

அதே ஃபிளாட்டை மகனுக்கு எழுதி, அதே 65 லட்சத்துக்கு அவர் விற்கிறார். வெளிநாட்டில் வசிப்பவருக்குக் குறியீட்டு வழி கிடையாது. 25 லட்சம் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு 3,25,000. அதைவிட மோசம் டி.டி.எஸ். வெளிநாட்டுவாசியிடம் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்தால் போதாது. ஆதாயத்துக்குப் பிடிப்பதா, விலைக்குப் பிடிப்பதா என்று வாங்குபவருக்குத் தெரியாது, பயந்துபோய் முழு விலைக்கும் பிடிப்பார். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வரியின் மேல் வரியான சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 14.3 சதவீதம், அதாவது 9,29,500 ரூபாய். உண்மை வரி 3,25,000 போக மீதி, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை அரசிடம் கிடக்கும். இதைத் தவிர்க்க மகன், விற்பனைக்கு முன்பே படிவம் 13 கொடுத்துக் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் கையில் வருவதற்குள் வாங்குபவர் பொறுமை இழந்து போய்விடுவதும் நடக்கும்.

ஆகவே யாரும் குடியேறப் போவதில்லை என்றால் இந்த ஃபிளாட்டை உங்கள் காலத்திலேயே நீங்களே விற்றுவிட்டு, பணமாகப் பிரித்துக்கொடுங்கள். மனை விற்ற அதே நிதியாண்டில் வேண்டாம். இரண்டும் ஒரே ஆண்டில் வந்து, ஆதாயத்தைப் பத்திரத்திலும் போடாமல் விட்டால், மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டி 10 சதவீத சர்சார்ஜ் வரும். மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்றாலும் போதும்.

மகளுக்குப் பணமாகக் கொடுப்பதில் சிக்கலே இல்லை. வங்கி மாற்றம், ஒரு வெள்ளைத்தாளில் ‘என் மகளுக்கு அன்பளிப்பாக இத்தனை ரூபாய், இந்தத் தேதியில், இந்தக் கணக்கிலிருந்து’ என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம், போதும். உச்சவரம்பு இல்லை. மகனுக்கு நேரடியாக அமெரிக்கக் கணக்குக்கு அனுப்பினால், ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிக்கும். அது செலவு அல்ல, உங்கள் ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

மகனுக்கு அமெரிக்கப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் உயிலும் செட்டில்மெண்டும் வரியில் ஒன்றுபோல இருந்தாலும், அமெரிக்காவில் அப்படி இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே காட்ட வேண்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்போது சொத்தை எழுதிக்கொடுத்தால், அமெரிக்கக் கணக்கில் அவருடைய அடக்கவிலை நீங்கள் வாங்கிய விலை. உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வந்தால், உங்கள் இறப்பு நாளின் சந்தை விலை. மனையை இன்றே செட்டில்மெண்ட் செய்தால் 1993 விலையிலிருந்து முழு ஏற்றத்தையும் அவர் அங்கே ஆதாயமாகக் காட்ட வேண்டியிருக்கும். இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் வேலை இரட்டிப்பு. உயிலில் வந்தால் அந்த ஏற்றம் பெரும்பாலும் மறைந்துவிடும். எந்த வழியில் வந்தாலும், வெளிநாட்டவரிடமிருந்து ஓர் ஆண்டில் பெற்றது 1,00,000 டாலரைத் தாண்டினால் அவர் அங்கே 3520 படிவம் கொடுக்க வேண்டும். வரி இல்லை, தகவல்தான். ஆனால் கொடுக்காவிட்டால் அபராதம் 25 சதவீதம் வரை போகும். அங்குள்ள அவருடைய கணக்காளரிடம் இதை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

நஞ்சையை மகனுக்குச் செட்டில்மெண்ட் செய்யவே கூடாது. இது வரி அல்ல, அன்னியச் செலாவணி விதி. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை வாங்கவோ அன்பளிப்பாகப் பெறவோ முடியாது, வாரிசாக மட்டும் பெறலாம். மகனுக்குப் பங்கு போக வேண்டுமென்றால் உயிலில் எழுதுங்கள். ‘பூர்வீகச் சொத்துக்கு உயில் எழுத முடியாதே’ என்ற பயமும் வேண்டாம். நிலம் உங்கள் அப்பாவின் சுயசம்பாத்தியமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்து உங்களுக்கு வந்திருந்தால், அது உங்கள் தனிச்சொத்து, கூட்டுக் குடும்பச் சொத்து அல்ல. 1986லேயே உச்ச நீதிமன்றம் சந்தர் சென் வழக்கில், அதுவும் ஒரு வரி வழக்கில்தான், இதைச் சொல்லிவிட்டது. தாத்தா காலத்திலிருந்து பாகம் பிரியாமல் வந்த நிலம் என்றால் உங்கள் பங்கை மட்டும் எழுதலாம், அதில் மகளும் மகனுக்குச் சமமான பங்குதாரர். எது என்பதைப் பத்திரத்தைப் பார்த்து வழக்கறிஞர் சொல்லட்டும்.

நிலத்தை விற்கும்போது, அது கிராமப்புற விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரியே இல்லை. நகராட்சி எல்லைக்குள் இருக்கக் கூடாது. எல்லையிலிருந்து நேர்கோட்டில், ஊர் மக்கள்தொகை 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டருக்கும், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்கும், அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க வேண்டும். மாநகராட்சிகள் விரிந்துகொண்டே போகின்றன. இன்றைக்கு வரியில்லாத நிலம், எல்லை நகர்ந்தால் வரிக்குள் வந்துவிடும். விற்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு சொத்தில் மட்டும் தள்ளிப்போடுவது ஆபத்து.

குடியிருக்கும் வீட்டை யாருக்கும் செட்டில்மெண்ட் செய்யாதீர்கள். வரியில் ஒரு ரூபாய் மிச்சமில்லை, பத்திரச் செலவு மட்டும் உண்டு, உயிலுக்கு முத்திரைக் கட்டணமே கிடையாது. செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தபின் மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்துவிட முடியாது, உயிலைக் கடைசி நாள்வரை மாற்றலாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், உங்கள் இருவர் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுத வையுங்கள். பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழிதரும் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்போதுதான் கைகொடுக்கும்.

மியூச்சுவல் ஃபண்டில் சொல்ல அதிகமில்லை. பங்குச் சந்தை ஃபண்டுகளில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை நீண்டகால ஆதாயத்துக்கு வரி இல்லை, ஆண்டுதோறும் அந்த அளவுக்கு விற்று மறுபடி வாங்கிக்கொண்டே வரலாம். நஷ்டத்தில் இருக்கும் யூனிட்டுகள் இருந்தால், மனை விற்கும் ஆண்டில் விற்று ஈடுகட்டுங்கள். மூலதன நஷ்டம் உங்களோடு முடிந்துவிடும், வாரிசு எடுத்துக்கொள்ள முடியாது.

உயிலில் நான் பார்க்கச் சொல்வது வரி தொடர்பான நாலு விஷயம்தான். மனைவிக்குப் பணம் போக வேண்டுமென்றால் இப்போது மாற்றாமல் உயிலில் எழுதுங்கள். உங்கள் காலத்துக்குப் பின் அவருக்கு வரும் வட்டி அவருடைய வருமானம், சேர்ப்பு விதி அங்கே நிற்காது. உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரை நியமியுங்கள், அது மகளாக இருக்கட்டும், இந்தியாவில் இருப்பவர் என்பதால். இறக்கும் ஆண்டின் வரி, நிலுவை, ரீஃபண்ட் எல்லாம் எந்தப் பங்கிலிருந்து போகும், யாருக்கு வரும் என்று ஒரு வரி எழுதுங்கள். சொத்தின் அடக்கவிலை ஆவணங்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். சாட்சி இருவர், இருவரும் பங்கு பெறாதவர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள்.

நாமினி போட்டிருக்கிறேன், அது போதாதா என்று நினைக்க வேண்டாம். கம்பெனிப் பங்குகளில்கூட நாமினி உரிமையாளர் ஆவதில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கியில் 1.11.2025 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், உயிலில் உள்ள பங்கும் நாமினேஷனும் முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் மகளிடம் இதையும் சொல்லி வையுங்கள். ஒருவர் இறந்தால் அவருடைய பான் எண்ணை உடனே ரத்து செய்யக் கூடாது. ஏப்ரல் 1 முதல் இறந்த நாள்வரை ஒரு ரிட்டர்ன், சட்டப்படியான வாரிசாக இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு, இறந்தவர் பெயரில் போட வேண்டும். அதற்குப் பிறகு சொத்து பிரிக்கும்வரை வரும் வருமானம் உயிலை நிறைவேற்றுபவர் பெயரில் தனிக் கணக்கு. இறப்புச் சான்றிதழை வங்கியில் கொடுக்கத் தாமதித்தால், இறந்தபின் வந்த வட்டிக்கும் இறந்தவர் பான் எண்ணிலேயே டி.டி.எஸ். ஏறிவிடும், அதைப் பிரித்துத் திரும்ப வாங்குவது பெரிய அலைச்சல். இறந்தவர் வைத்துவிட்டுப் போன வரி நிலுவைக்கு வாரிசு பொறுப்புதான், ஆனால் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது பத்திர அலுவலகத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் எழுதிக்கொடுக்க அல்ல. 2001 வழிகாட்டி மதிப்புக்கு மனு கொடுங்கள்.